சொந்தத் தோட்டத்தில் காய் திருடியவர்

இருளம்மாள் மதினிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. தேனிப் பக்கம் கூடலூரில், ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் வருகிறவர்களுக்காக மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். பத்து வருடத்தில், ஒரே ஒரு நாளைத் தவிர, அவற்றில் ஒன்றிலும் அவர் முழுசாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே பேசுவார். பேசிக்கொண்டே தரையில் கிடக்கும் காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போடுவார். போட்டுவிட்டு வாசலுக்குப் போய் ஜீப் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். எனக்குத்தான் தலை சுற்றும். அப்படிப்பட்டவர் தலையில்தான் முப்பத்தெட்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் கட்டி வைத்தார்கள்.

கட்டி வைத்தது டெல்லியில் இருக்கும் ஒரு மந்திரியின் ஆட்கள். மந்திரி நம் பக்கத்துக்காரர்கூட இல்லை, வடக்கே ஏதோ ஒரு மாநிலம். அவர் பேசும் பாஷை மதினிக்குத் தெரியாது. மதினி என்று ஒருத்தர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் நாடே பார்த்த ஒரு ஊழல் விசாரணையில் இரண்டு பேர் பெயரும் ஒரே பக்கத்தில் வந்தது.

இதை எழுதப் போகிறேன் என்று மதினியிடம் சொன்னபோது அவர் ஒன்றுதான் சொன்னார். "எழுது. ஆனா என்னைய நல்லவளாக்கி எழுதாத." சரி என்றேன். அப்படியானால் என்னையும் நல்லவளாக்கி எழுத முடியாது.

மதினிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பிறந்த ஊர் தேவதானப்பட்டி. பதினெட்டு வயதில் இங்கே சின்னச்சாமி அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அண்ணன் திராட்சைத் தோட்டங்களில் கொடியைக் கவாத்து வெட்டுகிறவர். கவாத்து இருந்தால் வேலைக்குப் போவார், இல்லாத நாளில் வீட்டில் இருந்துகொண்டு உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்வார். ஒரே மகள் நாகஜோதியை ஆண்டிபட்டியில் தறி போட்டிருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் உலை கொதித்தது மதினியின் விரலால்தான். இருபது வருடமாகக் காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப் ஏறி, குமுளி வழியாகக் கேரள மலைக்குப் போய், ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

ஏலக்காயைப் பாயசத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். ஈரத்தில் அட்டை ஏறும். பழுத்ததை விட்டுவிடக் கூடாது, பிஞ்சைத் தொட்டுவிடக் கூடாது, எல்லாம் விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். மதினியின் பத்து விரல் நுனியும் கறுத்திருக்கும். தேய்த்தாலும் போகாது.

அவர் வேலை பார்த்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஒருத்தி ஒவ்வொருவரின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பாள். முந்தானையை உதறிக் காட்டச் சொல்வாள். இடுப்பு மடியைத் தட்டிப் பார்ப்பாள். காய் விலை ஏற ஏற அந்தத் தட்டலும் பலமாகும். மதினி இருபது வருடம் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்.

இனி என் பங்குக்கு வருகிறேன். கொரோனா வந்து எல்லையை மூடினார்கள். மலைக்குப் போக வேண்டுமானால் பாஸ் வேண்டும். ஜீப்பில் ஆள் கூட்டிப் போகும் கங்காணி முருகம்மாள், நாற்பது பெண்களின் ஆதார் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி என் கடைக்குக் கொண்டுவந்தாள். எஸ்டேட் மேனேஜர் ஆளுக்கு மூன்று காப்பி கேட்டிருப்பதாகச் சொன்னாள். பாஸுக்கு ஒரு காப்பி போதும். ஊருக்கெல்லாம் பாஸ் போட்டுக் கொடுத்ததே நான்தான், எனக்குத் தெரியாதா? மிச்சம் இரண்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடை பாதி நாள் மூடிக் கிடந்த காலம், நூற்றிருபது காப்பிக்கு ஆர்டர் வந்தால் வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

ஆறு மாதம் கழித்து, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மேனேஜர் மதினியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். தொழிலாளர் ஷேமநிதியில் சேர்க்கப் போகிறோம், வயதான காலத்தில் பென்ஷன் வரும் என்று சொல்லிக் காரில் ஏற்றினார். போன இடத்தில் போர்டு மலையாளத்தில் இருந்தது. காகிதமும் மலையாளத்தில் இருந்தது. மதினிக்கு மலையாளம் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. போட்டோ எடுத்தார்கள், ரேகை வாங்கினார்கள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அது பத்திரப் பதிவு ஆபீஸ் என்று அவருக்கு நான்கு வருடம் தெரியாது.

அன்றைக்கு மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. சீல் வைத்த காகிதம் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. அஞ்சாம் வகுப்போடு நின்றவர், அதனால்கூட இருக்கலாம். செத்துப்போய் எட்டு வருடமான ஆட்டின் ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். கிழிக்கச் சொன்னால், சர்க்கார் சீலைக் கிழித்தால் குற்றம் இல்லையா என்று கேட்பார். நான் சிரிப்பேன். பின்னால் அந்தச் சிரிப்பை நானே விழுங்க வேண்டி வந்தது.

சென்ற வருடம் டெல்லியில் அந்த விவகாரம் வெடித்தது. ஏதோ ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்ததில் பெரும்பணம் கை மாறியது, அது மலைகளில் நிலமாக மாறியிருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, தன் பெயரிலோ தன் குடும்பத்தார் பெயரிலோ ஒரு சென்ட் இருப்பதாகக் காட்டினால் அன்றைக்கே அரசியலை விட்டுப் போவதாக மேஜையைத் தட்டிச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஒரு சென்ட்கூட அவர் பெயரில் இல்லை. பதினொரு பேர் பெயரில் இருந்தது. அந்தப் பட்டியலில் நாலாவது பெயர் இருளம்மாள், கணவர் பெயர் சின்னச்சாமி, கூடலூர்.

காலையில் கடையைத் திறந்ததும் போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மறித்து மதினியிடம் காட்டினேன். அவர் சிரித்தார். ஜீப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா இன்றைக்குக் காலை நீட்டி உட்காரட்டும் என்று ஒருத்தி இடம் விட்டாள். அதே சிரிப்போடு மலை ஏறிப் போனார்கள்.

பதினோரு மணிக்கு மதினி தனியாகத் திரும்பி வந்தார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். தோட்டத்துக்கு உரிமைக்காரர் காய் எடுக்க வரக்கூடாது, அது கம்பெனிக்குக் கெட்ட பேர் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நேற்று வரைக்கும் மடியைத் தட்டிய அதே கேட்டில் இன்றைக்குக் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முப்பத்தெட்டு ஏக்கர் வந்த அன்றைக்கு அவருக்கு வேலை போனது.

அடுத்த மாதம் ரேஷன் கார்டில் கை வைத்தார்கள். இவ்வளவு சொத்து இருப்பவருக்கு எதற்கு இலவச அரிசி என்று கேட்டார்கள். வீடு கட்டும் திட்டத்தில் இருந்த பெயரும் அடிபட்டது. தெருவில் சிலர் கேலியாக எஸ்டேட்டம்மா என்றார்கள். வேறு சிலர் கேலி இல்லாமலே அப்படிக் கூப்பிட்டு, பிள்ளைக்கு அங்கே ஒரு வேலை போட்டுத் தரச் சொன்னார்கள். இரண்டாவது ரகத்துக்குப் பதில் சொல்லத்தான் மதினி திணறினார். டிவிக்காரர்கள் வந்தால் என் கடையின் பின்பக்கம் வந்து நிற்பார். அங்கேயும் நின்றபடிதான்.

விசாரணைக்குத் தேனிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வந்த மூன்றாம் நாள் விஜயகுமார் என்று ஒரு வக்கீல் மதுரையிலிருந்து வந்தார். மந்திரியின் ஆள் என்று அவர் சொல்லவில்லை. மதினிக்கு உதவி செய்ய வந்ததாகத்தான் சொன்னார். சின்னச்சாமி அண்ணன் கூப்பிட்டு அனுப்பியதால் நானும் போயிருந்தேன். வக்கீல் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான். தோட்டம் என்னுடையது, பிறந்த வீட்டுச் சொத்தை விற்ற பணமும் என் சம்பாத்தியமும் போட்டு வாங்கினேன் என்று மதினி சொல்ல வேண்டும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விவகாரம் அடங்கியதும் வேலை திரும்பக் கிடைக்கும், நாலு எல்லையைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். வடக்கே ரோடு, தெற்கே ஓடை என்று ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார்.

மதினியின் வாய் சும்மா இருக்கவில்லை. "தெக்க ஓடை இல்ல சார், ஓடை மேக்க. தெக்க ஒரு பெரிய பலாமரம், அதை ஒட்டி ஸ்டோருக்குப் போற பாதை. கீழ்க்கோடி ரெண்டு ஏக்கருல செடி அழுகிப்போயி போன வருசந்தான் புதுசா வச்சாக."

வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும் என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு பேரையும் இப்படித்தான் பொறுக்கியிருக்கிறார்கள். வருடக்கணக்காகக் குனிந்து கிடந்தவர்களுக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு செடியும் தெரியும். எந்த அதிகாரி கேட்டாலும் சொந்தக்காரர் மாதிரியே பதில் சொல்வார்கள்.

கிளம்பும்போது வக்கீல் குரலை மாற்றவே இல்லை. நிலம் என்னுடையது இல்லை என்று மதினி சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டார். கையெழுத்து இருக்கிறது, போட்டோ இருக்கிறது, ரேகை இருக்கிறது. அங்கே கூலி வேலை பார்த்ததற்கு என்ன இருக்கிறது? எஸ்டேட் வருகைப் பதிவில் அப்படி ஒரு பெயரே இல்லையாம். பொய்ச் சாட்சி சொன்னால் உள்ளே போக வேண்டியது மந்திரி இல்லை, நீங்கள்தான் என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சின்னச்சாமி அண்ணன் முதல் தடவையாக யோசனை ஒன்றும் சொல்லவில்லை. ஆமான்னு சொல்லிட்டுப் பொழப்பப் பாப்பமா என்று மட்டும் கேட்டார். மதினி விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டினார். கூட்டின வாசலையே மறுபடி கூட்டினார்.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. மதினியும் நானும் சாட்சி தேடி அலைந்தோம். கூலி கையில் கொடுத்ததால் பேங்கில் ஒன்றும் இல்லை. ஜீப் டிரைவர், தான் ஸ்டியரிங்கைத்தான் பார்ப்பதாகவும் பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பதில்லை என்றும் சொன்னான். முருகம்மாள் அழுதேவிட்டாள். தான் வந்து சொன்னால் மறுநாள் நாற்பது பேருக்கும் கேட் மூடிவிடும் என்றாள். அவள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. எனக்கு ஆதார் காப்பி எடுத்தது ஞாபகம் வந்தது. அதை மதினியிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று நாள் மிச்சம் இருந்தபோது மதினி ஒரு பிளாஸ்டிக் கவரோடு கடைக்கு வந்தார். அதில் ஒரு காகிதம். "ஒரு காப்பி எடு. படிக்காத" என்றார். மிஷினில் வைக்கும்போது நான் படித்தேன். ஜெராக்ஸ் கடைக்காரியைப் படிக்காதே என்பது நடக்கிற காரியமா?

கோணல் கோணலான பெரிய எழுத்தில், தமிழில் இருந்தது. முதலாளி அவர்களுக்கு, கூடலூர் சின்னச்சாமி மனைவி இருளம்மாள், தங்கள் எஸ்டேட்டில் கூலி வேலை செய்பவள், இன்று வேலை முடிந்து போகும்போது ஒரு கை ஏலக்காயைத் திருடினேன், பிடிபட்டேன், இனிமேல் திருட மாட்டேன், மன்னிக்க வேண்டும். கீழே கையெழுத்து, ரேகை. அதற்கும் கீழே மேனேஜர் மலையாளத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, எஸ்டேட் சீல் வைத்திருந்தார். தேதி 2022 ஆகஸ்ட். பத்திரம் பதிவானது 2021 பிப்ரவரி. பத்திரப்படி அந்தத் தோட்டம் மதினிக்குச் சொந்தமாகிப் பதினெட்டு மாதம் ஆன பிறகு, அதே தோட்டத்தில் திருடியதற்கு அவரிடமே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

மதினி, இது ஒன்று போதும் என்று கத்தினேன். அவர் சந்தோஷப்படவில்லை. முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, சேலை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

நாகஜோதிக்கு வளைகாப்பு வைத்திருந்த நேரம். ஐந்து வகைச் சோறு மதினி வீட்டுப் பொறுப்பு. சர்க்கரைப் பொங்கலுக்கு நல்ல ஏலக்காய் வேண்டும் என்று ஆசை. கடையில் விலை கேட்டுவிட்டு நூறு கிராம் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட்டார். நாளெல்லாம் மூட்டை மூட்டையாகப் பறிக்கிற காயை வாங்கத் தன்னால் முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறுத்தியிருக்கிறது. மறுநாள் ஒரு கை காயை மடியில் முடிந்துகொண்டார். கேட்டில் அகப்பட்டார். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் கூட்டிப்போய் எழுதச் சொன்னார்கள். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றுதான் மதினி முதலில் எழுதினார். மேனேஜர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திருடினேன் என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால்தான் கேட்டைத் திறப்பதாகச் சொன்னார். இரண்டு பிரதி எழுத வைத்து ஒன்றை எஸ்டேட்டில் வைத்துக்கொண்டு ஒன்றை இவரிடம் கொடுத்தார்கள். பத்திரமாக வைத்துக்கொள், அடுத்த தடவை போலீஸ்தான் என்றார்கள். அந்தக் காகிதத்தை அவரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். சீல் வைத்த காகிதம் ஆயிற்றே.

வளைகாப்பில் சம்பந்தி அக்கம்மாள் பொங்கலை வாயில் வைத்துவிட்டு, ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் வீட்டில் ஒரு காய் தட்டிப் போடக்கூடாதா என்று பத்துப் பேர் நடுவில் கேட்டாளாம். மதினி சிரித்துச் சமாளித்திருக்கிறார். மூன்று வருடம் ஆகியும் புருஷனிடம்கூட இதைச் சொல்லவில்லை.

"இதைக் குடுத்தா டிவியில போடுவாகள்ல?" என்று கேட்டார்.

போடுவார்கள் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"என் பேரனுக்கு நாளைக்கு இவன் திருடியோட பேரன்னு பேரு வரும். அந்த மந்திரி வீட்டுப் பேரனுக்கு அப்படி ஒரு பேரு வருமா உமா?"

மறுநாள் மகளிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினார். அங்கே போய்ப் பேரனைத் தூக்கினார், பாத்திரம் கழுவினார், துணி மடித்தார். அம்மாவுக்கு என்ன ஆயிற்று, ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள் என்று நாகஜோதி எனக்குப் போன் போட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே சாயங்காலம் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகு நானும் என் மனசில் இருந்ததைச் சொன்னேன். நாற்பது பேர் ஆதாரை மூன்று மூன்று காப்பி எடுத்துக் கொடுத்ததையும், எதற்கு என்று கேட்காததையும். அவர் என்னைத் திட்டவில்லை. நீயும் எழுதிக் குடுத்துரு என்று மட்டும் சொன்னார்.

தேனியில் அரசு விருந்தினர் மாளிகை ஒன்றில் விசாரணை. டெல்லி அதிகாரிகள் இரண்டு பேர், தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி. துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். வக்கீல் விஜயகுமார் வராந்தாவில் நின்று மதினியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போகிற வழியெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கொடுப்பதா வேண்டாமா என்று மதினி எனக்குச் சொல்லவில்லை. கவர் அவர் மடியில் இருந்தது.

அந்த நிலத்தைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். எல்லை கேட்டார்கள். ஓடை, பலாமரம், பாதை, அழுகிய செடி என்று ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த அம்மாள் விவரமான ஆள், சொந்தக்காரர்தான் என்று அவர்கள் நினைப்பது எனக்கே தெரிந்தது. அப்படியானால் நிலம் உங்களுடையதா என்று பெண் அதிகாரி கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை வரும், காகிதம் மடியை விட்டு வெளியே வராது, ஆண்டிபட்டியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மதினி நாற்காலியை விட்டு எழுந்தார். உட்காருங்கள் என்று அதிகாரி சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"இருபது வருசமா தெனமும் சாயங்காலம் கேட்டுல என் மடியத் தட்டிப் பாத்துத்தான் வெளிய விட்டாக. சொந்தத் தோட்டத்துக்காரிய எந்த ஊருலம்மா மடியத் தட்டிப் பாப்பாக?"

அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பெண் அதிகாரி கேட்டார். கேட்கக் கூச்சமான கேள்வி என்று நினைத்தோ என்னவோ, மெதுவாகத்தான் கேட்டார். மதினி கவரை எடுத்தார். கொடுக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறியில் கவர் படபடத்தது. பிறகு மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

பெண் அதிகாரி படித்து மற்ற இருவருக்கும் இந்தியில் சொன்னார். தேதியைக் காட்டினார், சீலைக் காட்டினார். ஒருவர் பத்திர நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னொருவர் திருட்டு என்ற இடம் வந்ததும் லேசாகச் சிரித்தார். எனக்கு எழுந்து அவர் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று வந்தது. மதினி அவரைப் பார்த்துத்தான் பேசினார், அவருக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும்.

"சிரிக்காதீக சார். ஒரு கை காய எடுத்தேன், திருடினேன்னு என் கையால ரெண்டு தடவ எழுதிக் குடுத்துருக்கேன். முப்பத்தெட்டு ஏக்கருக்கு அந்த மந்திரி ஒரு தடவ எழுதிக் குடுக்கட்டும்."

பெண் அதிகாரி இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். சிரித்தவர் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். அன்றைக்கே நானும் ஆதார் காப்பி எடுத்த விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்தபோது வக்கீல் அங்கே இல்லை.

இரண்டு நாளில் அந்தக் கடிதம் எல்லா டிவியிலும் வந்தது. எஸ்டேட் முதலாளி தன் தோட்டத்திலேயே திருடிய விந்தை என்று சிரிக்கச் சிரிக்கப் போட்டார்கள். சின்னச்சாமி அண்ணன் மூன்று நாள் தெருவில் இறங்கவில்லை, நாலாம் நாள் கேலி செய்த ஒருவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார். அக்கம்மாள் ஆண்டிபட்டியிலிருந்து நேரில் வந்தாள். சண்டைக்கு என்றுதான் நாங்கள் பயந்தோம். அவள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் தன் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். மதினிக்கு ரேஷன் கார்டு திரும்ப வந்தது. மலை வேலை வரவில்லை. எஸ்டேட்டை அரசாங்கம் முடக்கிவிட்டதால் முருகம்மாளும் மற்ற பெண்களும் வேறு தோட்டம் தேடிப் போனார்கள், அவர்களில் சிலர் மதினியோடு பேசுவதில்லை. மதினி இப்போது திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார்.

ஆறு வாரம் கழித்து மந்திரி பதவி விலகினார். அன்றைக்குச் சாயங்காலம் மதினி வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். பேப்பரைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எழுதிக் குடுத்துட்டாராமே. என்னா எழுதியிருக்காக, படி."

ராஜினாமாக் கடிதத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். படித்தேன். உடல்நிலை காரணமாகப் பதவியிலிருந்து விலகுகிறேன், இத்தனை காலம் மக்களுக்குச் சேவை செய்ய வாய்ப்புக் கொடுத்தவர்களுக்கு நன்றி. அவ்வளவுதான். எடுத்ததைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேலிருந்து கீழே மறுபடி பார்த்தேன். இல்லை என்றேன்.

மதினி குனிந்து தரையில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கினார். வாசலுக்குப் போய் நின்றார். திரும்பி வந்தார்.

"ஒடம்பு சரியில்லைன்னு நான் எழுதியிருந்தா அன்னைக்குக் கேட்டத் தொறந்துருப்பாகளா?"

வழக்கு இன்னும் நடக்கிறது, தீர்ப்பு என்று ஒன்று வரும் என்று பிறகு ஒரு நாள் சொன்னேன். அவர் அதை நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. ஆனால் தினமும் வேலைக்குப் போகும்போது கடை வாசலில் நின்று, அந்த ஆள் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். இன்று காலையிலும் கேட்டார். இன்னும் இல்லை மதினி என்றேன்.